வெள்ளிக்கிழமை அளவெடுப்பு

பாண்டுங் நகரத்துக் கல்லூரி ஒன்றின் கணினி அறைக்கு நினிங்தான் பொறுப்பு. பேராசிரியர்கள்கூட அவளை ‘தெத்தே’ என்றுதான் கூப்பிடுவார்கள், அக்கா என்று. அறையிலிருந்த லினக்ஸ் கணினிகள் பழையவை. புதியவை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இருப்பதையே வேகமாக ஓட வைப்பதில் இறங்கிவிட்டாள்.

எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய பெரிய பெரிய அணிகளைப் பெருக்கித் தர லினக்ஸோடு ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்தமான நிரல் தொகுப்பு, வரும். அது எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை மாதிரி. நினிங் போடுகிற லைப்ரரி வேறு வகை. அணியை எப்படித் துண்டு போட்டால் இந்தக் கணினி வேகமாகப் பெருக்கும் என்று தானே ஓட்டி ஓட்டி நேரம் பார்த்து, அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும். அப்படி அளவெடுக்கும்போது கணினியில் வேறு எந்த வேலையும் ஓடக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் தொழுகைக்கும் பெண்கள் சாப்பாட்டுக்கும் போனதும்தான் ஆரம்பிப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவசரம் தாதாங்குக்கு. மண்சரிவு பற்றி ஆராய்ச்சி செய்கிற மாணவன். லெம்பாங் மலைச்சரிவின் கீழே இருக்கும் நாற்பது வீடுகளில் எவற்றைக் காலி செய்வது என்று திங்கட்கிழமை அதிகாரிகள் கூட்டம். எந்தெந்த வீடு சரிவில் மாட்டும் என்ற அவன் கணக்கோ பழைய லைப்ரரியில் ஒன்பது நாள் ஓடும். அது கையில் இல்லாமல் போனால், மழை முடிந்து பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிடுவார்கள்.

இரண்டு மணிக்கு அளவெடுப்பு முடிந்தது. நினிங் சோதித்துப் பார்த்தாள். வேகம் கொஞ்சம்தான் கூடியிருந்தது. யார் எப்போது என்ன ஓட்டினார்கள் என்று பார்த்தபோது, ஒரு பெயர் இருந்தது. பெயருக்குரியவன் பத்தாகோர் என்கிற பொரித்த மீன் பலகாரப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான்.

“பன்னெண்டு பத்துக்கு எங்கப்பா இருந்தே?”

“மசூதியிலதான் தெத்தே.”

“நீ மசூதியில இருந்தே. உன் கணக்கு எங்க இருந்துச்சு?”

தாதாங் பொட்டலத்தை மேஜையில் வைத்தான். “செருப்பைக் கழட்டும்போது போன்லயே ஓட விட்டேன். பழைய லைப்ரரியிலயாவது கொஞ்சம் முன்னாடி போகட்டுமேன்னு...”

“தையக்காரன் அளவெடுக்கறப்ப வயித்தை உப்பிக்கிட்டு நின்ன கதைதான். இப்ப தொளதொளன்னு தச்சு வச்சிருக்கு.”

“பிரிச்சுத் தைக்க முடியாதா?”

“முதல்லேர்ந்துதான். போனைக் குடு.”

“அம்மா கூப்பிடுவாங்க.”

“நான் பேசிக்கறேன்.”

அவன் கணக்கை நிறுத்தி, எல்லோருடைய உள்நுழைவையும் அடைத்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தாள். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து பத்தாகோரைத் தின்றார்கள். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் நினிங், பையன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சொன்னாள்.

ஐந்து மணிக்குச் சோதித்தபோது ஆறு மடங்கு வேகம். தாதாங் உடனே கணக்கைத் தொடங்கப் பாய்ந்தான். நினிங் விடவில்லை. சின்னக் கணக்கு ஒன்றை இரண்டு லைப்ரரியிலும் போட்டு விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

“நேரமாவுது தெத்தே.”

“வேகமா தப்பு பண்றதுக்கு மெஷின் எதுக்கு? நீயே போதும்.”

விடை ஒத்துப்போனது. ஞாயிறு காலை கணக்கு முடிந்தது. காலி செய்ய வேண்டியவை கீழ் வரிசையில் பதினோரு வீடுகள்.

திங்கள் மதியம் அவன் கூப்பிட்டான். “பதினொன்னுக்கும் சரின்னுட்டாங்க தெத்தே. இன்னிக்கே சாமான் ஏத்துறாங்க.”

“மழை?”

“ஆரம்பிச்சிருச்சு.”

“அப்புறம் என்ன பேச்சு? நீயும் போய்த் தூக்கு.”