பாம்புக்குச் சோறூட்டிய மாதா

பழைய காசு என்றால் எனக்குக் கிறுக்கு. பர்மாவில் எங்கள் ஊர்ப் பசுந்தாங் சந்தைப் பக்கம் சம்பளத்தோடு போனேனென்றால் வீட்டுக்குப் பாதிதான் வந்து சேரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், நடைபாதையில் பர்மிய ராஜா காலத்து மயில் காசுகளுக்கு நடுவே ஒரு ரோம வெள்ளிக்காசு கிடைத்தது. விற்றவனுக்கே அது என்னவென்று தெரியவில்லை. நான் விடுவேனா? வாங்கிவந்து அம்மாவிடம் நீட்டினேன்.

"தெனாரியஸ்மா! நாலு ஆஸ் சேந்தா ஒரு செஸ்டெர்ஷியஸ், நாலு செஸ்டெர்ஷியஸ் சேந்தா இது. இதுல இருபத்தஞ்சு சேந்தா ஒரு பொன்காசு. நம்ம சுவிசேஷத்துல திராட்சைத் தோட்டத்துக்காரன் குடுத்த ஒருநாள் கூலி இதுதான்!"

அம்மாவுக்குக் கணக்கு ஏறவில்லை, சுவிசேஷம் மட்டும் ஏறிற்று. காசை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை. பாதிப் பார்வை விரலில்தான். ஒரு பக்கம் தாடிக்கார ராஜா. "சூசையப்பர்," என்றாள். மறுபக்கம் ஒரு பெண்ணும் நெளிந்து எழும் ஒரு பாம்பும்.

"டேய் அமலே! இது அமலோற்பவ மாதாடா!"

எங்கள் கோயில் மாதா பாம்பை மிதித்துக்கொண்டு நிற்பாள். இவளோ தட்டில் வைத்து அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். இவள் சாலுஸ், உடம்புக்குச் சுகம் தருகிற ரோமத் தெய்வம். சொல்ல வாயெடுத்தேன்.

"இவ கூட வந்தா ஆபரேஷன் பண்ணிக்கிறேன்," என்றாள் அம்மா.

இன்னும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அம்மாவோ இரண்டு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே ஓடிவந்தவள்.

"நெசமா மாதாதானே?"

"ஆமாம்மா."

வேறென்ன சொல்வது? துளை போட்டுச் சங்கிலியில் கோர்க்கச் சொன்னாள். துளை போட்டால் காசு போச்சு. கெஞ்சிக் கூத்தாடி, துணிப்பையில் போட்டு ஊக்கால் ரவிக்கையில் குத்திவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை எனக்குத்தான் தூக்கமில்லை. கண் வராவிட்டால் அம்மா பாவம், வந்துவிட்டால் நான் தொலைந்தேன்.

வந்துவிட்டது. முதலில் என்னைப் பார்த்து, "என்னடா இப்படி நரைச்சுக் கிடக்க?" என்றாள். அடுத்து பையைப் பிரித்தாள். காசைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன்டா, மாதா பாம்புக்குச் சோறா போடுறா?"

"அது மாதா இல்லம்மா," என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெட்கத்தில் முகம் எரிந்தது.

"கண்ணு தெரியாதவள ஏமாத்தினியா, படுபாவி!" நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். வாங்கிக்கொண்டேன். அதற்கு மேலும் தகும் எனக்கு.

கொஞ்ச நேரம் கழித்து, "இவள இப்ப யாரு கும்பிடுறாங்க?" என்றாள்.

"யாருமில்லம்மா. ஆயிரம் வருஷத்துக்கு மேலாச்சு."

அம்மா காசைத் துணிப்பையில் போட்டு மறுபடி ரவிக்கையில் குத்திக்கொண்டாள். எனக்குத் திருப்பித் தரவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் மாதா முன்னால் ஒரு மெழுகுவத்தி கொளுத்தினாள். கூடையிலிருந்து இன்னொரு மெழுகுவத்தியை எடுத்து, கொஞ்சம் தள்ளி ஓரமாக வைத்துக் கொளுத்தினாள். நான் பார்த்த பார்வைக்கு முறைத்தாள்.

"சாமியார்கிட்ட மூச்சு விடாத. பாவம், கேட்டதச் செஞ்சு குடுத்திருக்கா. அவளுக்குன்னு கொளுத்த வேற யாருடா இருக்கா?"