ரெண்டு மிதி

லாரி வாங்குற அன்னைக்கே சிநேகிதங்களையும் சேர்த்துத்தான் வாங்குறோம். வண்டி வச்சிருக்கிற உங்களுக்கு இது தெரியாததா? 'மாப்ள, வண்டி சும்மாதான நிக்குது?'ன்னு ஒருத்தன் வந்து நிக்காத வாரம் உண்டா?

நான் தொண்ணூத்தெட்டுல கம்பத்துல ஒரு பழைய லாரி வாங்குனேன். வாழைத்தார், திராட்சை ஏத்தி, மலையேறி குமுளிக்குப் போகும்.

கதவு

டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளருந்து திறக்காது. ஜன்னல் வழியா கையை வெளிய விட்டுத் திறக்கணும். என் கை அதுபாட்டுக்குச் செஞ்சிரும்.

சிநேகிதன் முருகேசன், தன் தங்கச்சி கல்யாணச் சீரை ஏத்திக்கிட்டு ஆண்டிபட்டிக்கு ஓட்டிட்டுப் போனான். அங்கன மேளம் வாசிச்சு வரவேற்க ஆள் நிக்க, கதவு திறக்கல. பட்டு வேட்டியோட ஜன்னல் வழியா இறங்கியிருக்கான். திரும்பி வந்து சாவியை விட்டெறிஞ்சான். "வேட்டி கிழிஞ்சதுகூடப் பரவால்லடா. ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கக் கூடாதா?"

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். பாவி, அப்பவே புத்தி வந்திருக்கணும்.

மெக்கானிக்

அடுத்த வருஷம் பிரேக் மக்கர் பண்ணுச்சு. ஒரு தடவை மிதிச்சா பிடிக்காது, விட்டு ரெண்டாவது மிதி மிதிச்சாத்தான் பிடிக்கும். உத்தமபாளையத்து மெக்கானிக் மாத்தியே ஆகணும்னார். திராட்சை சீசன் முடியட்டும், ஒரு நாள்கூட வண்டியை நிறுத்த முடியாதுன்னேன். அவர் கையைத் துடைச்சிக்கிட்டே கேட்டார்: "உங்க காலுக்குப் பழகிருச்சு. வேற ஆள் கால் வச்சா என்ன செய்வீக?"

காதர்

காதரும் நானும் ஒண்ணாவே டிரைவிங் பழகுனவுக. ஊரான் வண்டியை ஓட்டித்தான் அவன் குடும்பம் சாப்பிட்டுச்சு. எனக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டு அவனா வந்தான். "தாரு பழுத்துப் போயிரும், குடு, நான் போறேன்"னான்.

கதவைப் பத்திச் சொன்னேன். முருகேசன் கதையையும் சொன்னேன், ரெண்டு பேரும் சிரிச்சோம். அந்தச் சிரிப்புல பிரேக்கைச் சொல்லாம விட்டுட்டேன்.

ஏறும்போது மெதுவா கியர்லயே போனதுல அவனுக்குப் பிரேக் கோளாறு தெரிஞ்சிருக்காது. லோடை இறக்கிட்டுக் காலையில வெறும் வண்டியா மலை இறங்கியிருக்கான். ஒரு வளைவுல, ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளைகளை ஏத்திக்கிட்டு ஜீப் எதிர்ல ஏறி வந்திருக்கு. இவன் மிதிச்சான், பிடிக்கல. ஜீப்பைக் காப்பாத்த மலைப்பக்கம் பாறையில கொண்டுபோய் மோதிட்டான். ஜீப்புல யாருக்கும் கீறல்கூட இல்ல. காதருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழ போச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல அவன் சம்சாரம் என்னைக் கண்டதும் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதுச்சு. "ஓட்டும்போதே இவுக தூங்கிட்டாகளாம்ணே. உங்க வண்டியையும் நாசம் பண்ணிட்டாகளே, மன்னிச்சிருங்கண்ணே!"

ஆஸ்பத்திரிக் கட்டில்

எனக்கு ஒண்ணும் புரியல. நான் வர்றதுக்குள்ள போலீஸ்காரர் எழுதி வாங்கிட்டுப் போயிருந்தார். 'அசந்துட்டேன், வண்டி மேல குத்தமில்ல'ன்னு காதரே சொல்லியிருக்கான்.

கட்டில் பக்கத்துல உக்காந்து, "பிரேக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். அழுதுட்டேன். அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "ரெண்டாவது மிதியிலதான் மாப்ள தெரிஞ்சுச்சு. அதுக்குள்ள பாறை வந்துருச்சு. அதைச் சொன்னா உன்னையப் பிடிச்சு உள்ள வச்சிருவாக. ஒரு வீட்டுல அடுப்பு அணைஞ்சது போதும்."

இப்பல்லாம் யார் வண்டி கேட்டாலும், ஒரு பழுதும் இல்லாத புது வண்டிக்கே கால் மணி நேரம் விளக்கம் சொல்லித்தான் சாவியைக் குடுக்குறேன். காதர்தான் கேக்குறதே இல்ல.