எல்லாரும் எழுதிய ‘இல்லை’

எங்கள் அலுவலகத்துக்குக் குளிர்சாதனம் வந்ததே கம்ப்யூட்டருக்காகத்தான். மலேசியாவில், கிள்ளான் துறைமுகப் பக்கம், கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் கம்பெனி அது, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இயந்திரத்துக்குத் தூசி ஆகாது என்று எங்களைச் செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். சாயங்காலம் அதற்கு உறை வேறு போட வேண்டும். நாங்கள் ஆறு பெண்கள் மட்டும் பழைய மர நாற்காலியில், உயரம் போதாமல் டெலிபோன் டைரக்டரியை அடியில் வைத்து உட்கார்ந்து, திரையில் அடிக்கும் மேற்கு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டினோம்.

எங்களுக்கு மேலே இருந்தவர் சூப்பர்வைசர் அக்கா. பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் இல்லை; இரண்டு பிள்ளைகள் அவர் சம்பளத்தில் படித்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் திரையைப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். கேட்டால் தலைவலி என்பார்.

அப்போதுதான் வேலையிடப் பாதுகாப்புக்குப் புதிய சட்டம் வந்தது. வேலையால் ஊழியருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்றது. மேனேஜர் ஆளுக்கொரு பாரம், மலாயில் கேள்விகள் அச்சடித்த படிவம், கொடுத்தார். கண், கழுத்து, முதுகு, மணிக்கட்டு, எதிலாவது தொந்தரவு உண்டா? எனக்கு மலாய் நன்றாக வரும் என்பதால் எல்லாருக்கும் நானே நிரப்பினேன். அக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடச் சொன்னார். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது உடம்பு முடியவில்லை என்றவரின் பெயரை வெட்டிவிடுவார்களாம், அன்றைய கூலி போய்விடுமாம். அவருடைய அப்பா காய்ச்சலோடு நின்று, நல்லா இருக்கேன் என்றவர். எங்கள் வீடுகளிலும் அதே கதைதான். அக்காவோடு ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். மடத்தனம், வேறென்ன!

மறுவாரம் மேனேஜர் பாரங்களோடு வந்து, யாருக்கும் ஒரு குறையும் இல்லை, ஆகவே கண் டெஸ்டும் புது நாற்காலியும் தேவையில்லை என்றார். சட்டம் அவர் தலையில் வைத்த சுமையை நாங்களே கையெழுத்துப் போட்டு இறக்கிவிட்டிருந்தோம்.

அக்கா எழுந்தார். “சார், என் பாரம் பொய். மத்தியானத்துக்கு மேல எனக்கு எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது. இவங்களையும் நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்.”

அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று மேனேஜர் கேட்டார்.

“வேல போயிடும்னு பயம் சார். இப்பவும் பயமாத்தான் இருக்கு.”

மேனேஜருக்குக் கோபம்தான். ஆனால் ஆறு பேர் காதால் கேட்டதை அவர் கேட்காததுபோல் விட முடியவில்லை. அந்த மாதமே எங்களைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஏற்றி இறக்கும் நாற்காலிகளும் ஜன்னலுக்குத் திரைச்சீலையும் வந்தன. அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு அதே இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அன்று அவருக்குப் பின்னால் எழுந்து, எனக்கும் கண் எரிகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் அந்த மாதிரிப் பாரத்தைக் கொடுப்பவள் நான். தோட்டத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத, டிகிரி படித்த பெண்கள். எல்லாரும் ‘இல்லை’ என்றுதான் எழுதித் தருகிறார்கள். தாள்களை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொருத்தி நாற்காலியிலும் நானே போய் உட்கார்ந்து பார்க்கிறேன்.