பழைய ஜீப்பும் ஓடைக்கரையில் கேட்ட ஒரு சொல்லும்

வேங்கடம் மேவிய சோதியே, என்நெஞ்சில்
ஓங்கிய காரிருள் ஓட்டுவாய் – தாங்கிய
கையால் எனையும் கரைசேர்ப்பாய் என்றடைந்தேன்;
மெய்யாய் அருள்வாய் விரைந்து.

இன்று புரட்டாசிச் சனிக்கிழமை. திருவோணமும் கூடிய நாள். விளக்கேற்றித் தளிகை படைத்தபின், ஈரம் காயாத கையோடு இதை எழுத அமர்ந்திருக்கிறேன். என் துணைவி அலமேலு இல்லாத முதல் புரட்டாசி இது. அடியார்களே, நான் கேட்டதைப் பெருமாள் கொடுத்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன். எழுதும்போது என் சொல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ள வெண்பா என் தந்தையார் இயற்றியது. எங்கள் ஊர்ப் பஜனையில் இன்றும் பாடுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வேறொரு வேலையும் இருந்தது.

ஆந்திர எல்லையிலுள்ள நகரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் மாந்தோப்பு. தோப்புக்குள்ளேயே வீடு. சாலைக்கு வர ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். கோடையில் மணல், மழையில் சேறு. சாதாரண வண்டி இரண்டிலும் புதைந்துவிடும். ஆகவே பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவரிடமிருந்து, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினோம். புத்தூரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் மஸ்தானை உடன் அழைத்துப் போயிருந்தேன். அவர் வண்டிக்கடியில் படுத்து, சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். துரு தின்ற இடத்தைச் சுரண்டிக் காட்டினார். கியர் பெட்டியில் எண்ணெய் கசிவதையும் மறைக்கவில்லை.

"சாமி, இது வயசான மாடு. உழும். ஆனா தெனம் தட்டிக்குடுக்கணும்" என்றார்.

அலமேலு சிரித்துவிட்டாள். "அப்போ நம்ம வூட்டுக்குச் சரியாத்தான் இருக்கும். இவருக்கும் அதான் பண்ணிக்கினு இருக்கறேன்."

அந்த வண்டியைக் காலையில் எழுப்புவது எளிதன்று. சாவியைப் பாதி திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே ஹீட்டர் சூடேறும். முன்பலகையிலுள்ள சிறு கம்பிச்சுருள் சிவந்தபின்தான் முழுதாகத் திருப்பலாம். அவசரப்பட்டால் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடும். எங்கள் கணக்கு அந்த வெண்பாதான். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்குவேன். அருகில் அமர்ந்து அவளும் சேர்ந்து சொல்வாள். 'விரைந்து' என்று முடிக்கையில் கம்பி செம்பருத்தி நிறம் கொண்டிருக்கும். ஒரு நாளும் தவறியதில்லை.

ஓடைக்கரை வந்ததும் இருவரும் இறங்குவோம். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமானால், முன்சக்கரங்களின் நடுவிலுள்ள திருகுக் குமிழை ஒவ்வொன்றாகக் கையால் திருப்பவேண்டும். என் பக்கம் எனது, அவள் பக்கம் அவளது. உதவப் போனால், "ஏங்க, உங்க சக்கரத்தப் பாருங்க" என்பாள். என் பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. இல்லற வாழ்வு முழுவதும் அந்த 'ஏங்க' என்ற சொல்லே என் பெயராக இருந்தது.

சென்ற ஆண்டு தை மாதம், மா பூத்திருந்த காலத்தில், அவள் முற்றத்தில் விழுந்தாள். வலக்கையும் வாயும் இழுத்துக்கொண்டன. திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உயிர் தப்பியது. பேச்சு தப்பவில்லை. பேச்சுக்கான இடம் மூளையில் பழுதாகிவிட்டது, பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று மருத்துவர் பரிவோடு சொன்னார். நான் சொல்வது அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாய் திறப்பாள். காற்று மட்டும் வரும். பிறகு கண் நிறையும்.

அந்த மருத்துவமனை நடைவழியின் கடைசிச் சன்னலில் திருமலை தெரியும். மாலையில் மலைப்பாதை விளக்குகள் ஏற்றப்பட்டன. கம்பியைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன். வாழ்நாள் முழுதும் பாசுரம் சொன்ன எனக்கு அன்று ஒரு பாசுரமும் வரவில்லை. "அப்பனே, ஒரே ஒருமுறை அவள் வாயால் 'ஏங்க' என்று கேட்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். அழுதேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வீடு திரும்பினோம். பங்குனியில், சூளூர்பேட்டையில் வேலை பார்க்கும் எங்கள் மகன் வரதன் வந்தான். "நைனா, அம்மாவால இதுல ஏற முடியாது. இத்த வித்துட்டுத் தாழ்வா ஒரு காரு வாங்கலாம்" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. அவள் வீழ்ந்த நாள்முதல் வண்டியை நான் தொடவேயில்லை. பேட்டரி செத்திருந்தது. டயர்களில் ஒன்று தரையோடு ஒட்டியிருந்தது.

வாங்குபவர் சத்தியவேட்டிலிருந்து வந்தார். மஸ்தான் வேறு பேட்டரி கொண்டுவந்து பூட்டி, டயருக்குக் காற்றும் அடித்தார். ஓட்டிக் காட்டவேண்டும். முற்றத்து நாற்காலியில் அமர்ந்திருந்த அலமேலு, இடக்கையை வண்டியை நோக்கி நீட்டியபடியே இருந்தாள். கையை மடக்கி வைத்தால் மீண்டும் நீட்டினாள்.

"ஒரு தபா உக்காரட்டும் நைனா" என்றான் வரதன். தூக்கி அவள் இடத்தில் அமர்த்தினோம்.

சாவியைப் பாதி திருப்பினேன். பழக்கத்தால் வாய் வெண்பாவைத் தொடங்கியது. மூன்றாம் அடியில் 'கையால் எனையும்' என்றபோது, செயலற்று மடியில் கிடந்த அவள் வலக்கை கண்ணில் பட்டது. மேலே சொல்ல முடியவில்லை.

"கரைசேர்ப்பாய் என்றடைந்தேன்" என்று பக்கத்திலிருந்து கேட்டது.

குழறல் இல்லை. அவளுடைய குரல்தான். "மெய்யாய் அருள்வாய் விரைந்து" என்று அவளே முடித்தாள். முடித்துவிட்டுத் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். என் கை சாவியிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது.

வாங்க வந்தவர் வெளியே நின்றிருந்தார்; உள்ளே நடந்தது அவருக்குத் தெரியவில்லை. "ஏம் சாமி, ஸ்டார்ட் ஆவலியா?" என்றார்.

சன்னலோரம் நின்ற மஸ்தானின் கண்ணில் நீர். "வண்டி கெடக்குது அண்ணா. இங்க அம்மா ஸ்டார்ட் ஆயிட்டாங்க. நீங்க வேற வண்டி பாருங்க" என்றார்.

ஜீப்பை விற்கவில்லை. மனப்பாடமான பாட்டு மூளையில் வேறிடத்தில் தங்கும், பேச்சு போனாலும் பாட்டு மிஞ்சுவதுண்டு என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். மறுக்கவில்லை. அந்த வேறிடத்தில் குடியிருப்பவன் யார் என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்றுமுதல் தினமும் காலையில் வண்டியில் அமர்ந்து வெண்பா சொன்னோம். அதற்காகவே வண்டியைப் பேணினேன். மஸ்தான் கசிவை அடைத்தார், வில் பட்டைகளுக்கு எண்ணெய் விட்டார், அவள் ஏற ஒரு தாழ்ந்த படி அடித்துக் கொடுத்தார். ஆனால் அந்த நான்கடியைத் தவிர வேறு சொல் அவளுக்கு வரவேயில்லை. தண்ணீர் வேண்டுமானாலும் 'வேங்கடம்' என்பாள். வலித்தாலும் 'வேங்கடம்'. என்னை அழைக்க வாயெடுத்து, வராமல், அதையே சொல்லித் தலை குனிவாள். நான் என் பெயரைக் கேட்டேன், அவன் தன் மலையின் பெயரைக் கொடுத்தான், அது போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மனம் முழுதாகத் தேறவில்லை. உங்களிடம் மறைப்பானேன்.

ஐப்பசியில் அடைமழை. ஒரு விடியலில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நல்லவேளையாக வரதன் வீட்டில் இருந்தான். அவசர ஊர்தி சாலையில், ஓடைக்கு அக்கரையில்தான் நிற்க முடிந்தது. அவளை முன்னிருக்கையில் சாய்த்து, வரதன் பின்னாலிருந்து தோளைத் தாங்கிக்கொண்டான். வெண்பாவை நான் தனியாகச் சொன்னேன். வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பியது.

ஓடை செம்மண் நிறத்தில் ஓடியது. கரையில் நிறுத்தி இறங்கினேன். என் பக்கத்துச் சக்கரத்தைத் திருகினேன். சுற்றிக்கொண்டு அவள் பக்கம் போய்ச் சேற்றில் குனிந்து, அவளுடைய சக்கரத்தில் கை வைத்தேன்.

"ஏங்க."

நிமிர்ந்தேன். மழையில் கண் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சன்னல் வழியே என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம், அந்தப் பழைய கண்டிப்பு.

"இன்னா அலமேலு? இதோ இருக்கறேன்" என்றேன்.

அவளுடைய சக்கரத்தையும் திருகி முடித்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓடையைக் கடந்தோம். நீர் கதவைத் தொட்டது. சக்கரம் ஒருமுறையும் வழுக்கவில்லை. அவசர ஊர்தியில் ஏற்றினோம். புத்தூரைத் தாண்டி, மலை மேகத்திலிருந்து வெளிப்படும் இடத்தில், அவள் மூச்சு நின்றது.

காரியங்கள் முடிந்து வீடு வெறிச்சோடிய நாளில், வரதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நைனா, ஓடயாண்ட அம்மா உன்னக் கூப்டாங்க இல்ல? எனக்கும் கேட்டுச்சு" என்றான். என் செவி மயங்கவில்லை என்பதற்கு அவனே சான்று.

ஒருமுறை என்று கேட்டேன். ஒருமுறை கொடுத்தான். சொன்ன சொல் தவறாதவன் அவன். அந்தச் சன்னலோரத்தில், அத்தனை பெரிய மலையின் முன் நின்றுகொண்டு, 'ஒருமுறை' என்று நான் ஏன் அளந்து கேட்டேன் என்பதுதான் இன்றும் என்னை உருக்குகிறது. பெரிதாகக் கேட்டால் கிடைக்காது என்று அஞ்சினேன் போலும். ஆகவே உங்களைக் கைகூப்பி வேண்டுகிறேன். உங்கள் வீட்டில் யாரேனும் படுத்திருந்தால், அவன் முன் நின்று மனம் கொண்ட மட்டும் கேளுங்கள். அளக்கும் வேலையை அவனிடம் விட்டுவிடுங்கள். அவன் குறைத்துக் கொடுத்தாலும் அது அவன் கையிலிருந்து வந்ததாக இருக்கும்.

மழைக்காலத்தில் ஓடைக்கு இப்புறத்துக் குடும்பங்களில் எவர்க்கு உடல்நலம் குன்றினாலும், இப்போது என் ஜீப்தான் அக்கரை சேர்க்கிறது. அவள் பக்கத்துச் சக்கரத்தை நானே திருகுகிறேன்.

இதை வாசிக்கும் நீங்கள் அனைவரும், உங்கள் இல்லத்தாரும், பிணியின்றி, பிரிவின்றி, ஒருவரையொருவர் வாயார அழைத்து நெடுங்காலம் வாழ்க. வேங்கடத்தான் திருவருள் உங்கள் வாசலில் என்றும் நிற்கட்டும்.