முடியை இழுத்துப் பார்த்தவர்

அன்று சுண்ணாம்புக் குழி ஓரத்தில் முதலாளி இருந்தார். என் அக்கா புருஷன் இருந்தார். தோல் சுரண்டுகிற அண்ணன் இருந்தார். அவருடைய தம்பி இருந்தான். பிறகு நான். மேஸ்திரி இல்லை. முந்தின வாரம் காய்ச்சலில் செத்துப்போயிருந்தார்.

ஆம்பூரில் அந்தத் தோல் கொட்டகையில் ஒரு வழக்கம். குழியில் ஊறும் தோலின் முடியை மேஸ்திரிதான் இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்தால் தோலை வெளியே எடுக்கலாம். வேறு யாராவது இழுத்தால் அரை நாள் கூலி போகும். மாமா வாலிபத்திலிருந்து அந்தக் குழியில் நின்றவர். கால் நகத்தைச் சுண்ணாம்பு தின்றிருந்தது.

முதலாளி நல்ல மனுஷர். வெளியாள் வேண்டாம், இந்தக் குழியை நீயே பார்த்து எடு, சரியாக வந்தால் மேஸ்திரி வேலை உனக்குத்தான் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு வாணியம்பாடிக்குப் போனார்.

மாமா குழியில் இறங்கி ஒரு தோலைத் தூக்கினார். கழுத்துப் பக்கம் இழுத்தார். முடி கொத்தாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சொல்ற? எடுத்துர்லாமா?" என்று என்னைக் கேட்டார்.

வேலையில் அதுவரை என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. நீங்க சொன்னா சரி மாமா என்றேன்.

சுரண்டுகிறவர்களையும் கேட்டார். தம்பி சிரித்தான்.

"மேஸ்திரியே எங்கள கேட்டா எப்படிண்ணா? நீ சொல்லு, தூக்குறோம்."

மாமா மறுபடி இழுத்தார். மறுபடி வந்தது. வாசல் பக்கம் பார்த்தார். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

"நாளைக்கு எடுக்கலாம். தப்பாப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

சித்திரை வெயில். குழித் தண்ணீர் கொதித்தது. ஒரு நாள் ஜாஸ்தி வைத்தால் தோல் தாங்காது. அது நாலு பேருக்கும் தெரியும். நாலு பேரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் தூக்கினோம். தோல் வெந்துபோயிருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் மேல்பக்கம் வழித்துக்கொண்டு வந்தது.

முதலாளி திட்டவில்லை. பேரணாம்பட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து மேஸ்திரியாக வைத்தார். பழைய வழக்கமே திரும்பியது.

மாமா அதே குழியில் இறங்கினார். தோலைத் தூக்கும்போது சுவரைப் பார்ப்பார். புது மேஸ்திரி ஒரு தரம், எடுக்கலாமா, நீ பழைய ஆளாச்சே என்று கேட்டார். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வேலை எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டால், இருக்கு என்பார்.

அதற்குப் பிறகு சாகும்வரை அந்தக் குழியில்தான் நின்றார். பதினோரு வருஷம்.