மெட்ராஸ் கழகத்தில் ஒரு வாக்கு

போன சனிக்கிழமை, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹேர்னிங் நகரத்து நடைத்தெருவில் மகளோடு போய்க்கொண்டிருந்தேன். புதிதாகத் திறந்த ஒரு பேக்கரியின் கதவு எங்களுக்கு முன்னால் திறந்து மூடியது. அந்த இடைவெளியில் ஏலக்காய் மணம் ஒன்று வெளியே வந்து என்னைப் பிடித்து நிறுத்தியது. இங்குள்ள பேக்கரிகளில் கறுவா மணக்கும், வெண்ணெய் மணக்கும். ஏலக்காய் போட்ட பணிஸ் சுவீடன்காரர்களின் பழக்கம். இப்போதுதான் இந்தப் பக்கமும் அதற்கு மவுசு வந்திருக்கிறது. நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்று மகள் டேனிஷில் இரண்டு தரம் சொன்னாளாம். எனக்குக் கேட்கவில்லை. நான் அப்போது குனில்லாவின் தகரப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

குனில்லா நான் முதன்முதலில் வேலை செய்த பின்னலாடைத் தொழிற்சாலையில் இருந்தவர். பின்னி வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை பார்ப்பது அவர் வேலை. ஓட்டை போடுவது, அதாவது இயந்திரத்தைக் கவனிக்காமல் விட்டு நூலை அறுபட வைப்பது, பெரும்பாலும் என் வேலை. அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். சொந்த ஊரில் இருந்த துணி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, வேலையைத் தேடிக் கடல் கடந்து டென்மார்க்குக்கு வந்தவர். தொழிற்சாலையில் ஒரேயொரு சுவீடன்காரி அவர். தமிழர் என்று நானும் இம்மானுவேல் அண்ணையும். கன்ரீனில் டேனிஷ்காரர் தங்கள் தங்கள் மேசைகளில் அமர்ந்த பிறகு மிஞ்சிய மேசை எங்கள் மூவருக்கும் வாய்த்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டில் சுட்ட ஏலக்காய்ப் பணிசோடு அந்தத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறப்பார். முதல் முறை திறந்தபோது இம்மானுவேல் அண்ணை மூக்கை உறிஞ்சி, "டேய், ஆரோ பாயாசம் காய்ச்சினம்" என்றார்.

இம்மானுவேல் அண்ணை மன்னார்க் கரையோரத்து ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊர்க் கழகத்தில் உதைபந்தாடியவர், வலப்பக்கப் பின்வரிசை. உதைபந்தாட்டம் பற்றிக் கதை தொடங்கினால் அவருடைய டேனிஷ் திடீரென்று நன்றாகிவிடும். மற்ற விடயங்களில் அது கொஞ்சம் பின்தங்கியே இருந்தது. அகதி முகாமுக்கு அவர் வந்து சேர்ந்த அன்று நடந்ததை அவரே சொல்லிச் சிரிப்பார். முகாமில் இருந்த ஒரு பெண் அவரிடம் வந்து, "மட்ராஸ்? மட்ராஸ்?" என்று அன்பாகக் கேட்டிருக்கிறார். டேனிஷில் மெத்தைக்கு அதுதான் பெயர். அண்ணையோ அதைச் சென்னைப் பட்டணம் என்று எடுத்துக்கொண்டார். திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்து, "நோ மெட்ராஸ்! டென்மார்க்!" என்று இரண்டு கையையும் ஆட்டிச் சொல்லிவிட்டு, அன்றைக்கு வெறும் கட்டிலில் படுத்தாராம்.

இந்தக் கதையை அண்ணை கன்ரீனில் சொன்னபோது குனில்லா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர், "என்ர கழகத்துக்கும் அதுதான் பேர்" என்றார். அவர் பேசியது பாதி சுவீடிஷ், பாதி டேனிஷ். என் காதில் அது எப்போதும் எங்கள் தமிழாகத்தான் விழும், அதனால் அப்படியே சொல்கிறேன்.

அவருடைய ஊர்க் கழகத்தைத் தொடங்கியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். சட்டை வாங்க வழியில்லை. ஆலை முதலாளி விற்காமல் கிடந்த மெத்தைத் துணியைக் கொடுத்தார்; பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தடித்த துணி. ஆலைப் பெண்கள் அதில் பதினொரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். தைத்தவர்களில் குனில்லாவின் தாயின் தாயும் ஒருவர். முதல் ஆட்டத்திலேயே, பக்கத்துக் கழகத்து ஆட்கள், அவர்கள் நீலச்சட்டைக்காரர், கொஞ்சம் வசதியான பகுதி, "மெத்தைகள் வருது! மெத்தைகள் வருது!" என்று கத்தியிருக்கிறார்கள். கேலி செய்த பெயரை இவர்கள் தூக்கி நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு முதற்பிரிவுக்கு ஏறி, சம்பளத்துக்கு ஆடும் ஆட்கள் வந்து, வெளியூர் எல்லாம் போய் விளையாடி வந்த காலத்திலும் அவர்கள் மெத்தைகள்தான். சுவீடிஷிலும் அந்தச் சொல் மட்ராஸ்தான். ஆகவே எனக்கும் அண்ணைக்கும் அது அன்று முதல் மெட்ராஸ் கழகம்.

குனில்லாவின் பழைய காரில், கிரெனோத் துறைமுகத்தில் கப்பலேறி, நாங்கள் முதல் ஆட்டம் பார்க்கப் போனது ஒரு வைகாசி மாதம். கப்பலில் நாலு மணித்தியாலம். நான் கடலில் மூன்று மணித்தியாலம் சத்தி எடுத்தேன். அண்ணை கடலோரத்து ஆள், எனக்குப் பக்கத்தில் நின்று சொசேஜ் சாப்பிட்டார். மைதானம் பைன் மரங்களுக்கு நடுவில் இருந்தது. மரப்பலகையால் ஆன பார்வையாளர் மேடை, தார் மணம், எல்லோருடைய கழுத்திலும் பச்சை வெள்ளைக் கோடு. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அண்ணை தான் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்துபோனார். "அடியடா! அடி! அடி!" என்று நாடி நரம்பு புடைக்கக் கத்தினார். முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, அர்த்தம் கேட்டார். குனில்லா விளக்கினார். இடைவேளைக்குப் பிறகு எங்கள் பக்கத்து மேடை முழுவதும் "அடி! அடி!" என்றது. தோற்றுப்போனோம். ஆனால் திரும்பும்போது எங்கள் இருவர் கையிலும் பச்சை நிற அங்கத்துவ அட்டை இருந்தது.

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே கழகம் அங்கத்தவர்களுக்குச் சொந்தம். ஆளுக்கு ஒரு வாக்கு. பெரிய மனிதனுக்கும் ஒன்று, நூல் அறுக்கிற எனக்கும் ஒன்று. இதைக் குனில்லா விளக்கியபோது நான் தலையாட்டிவிட்டு, அட்டையைப் பணப்பைக்குள் வைத்து மறந்துவிட்டேன். பின்னர் ஒரு மாசி மாதத்தில் அவர் எங்கள் மேசைக்கு வந்து, பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்தார்.

"எங்களை நீலச்சட்டைக்காரரோட சேக்கப்போறாங்கள்" என்றார்.

விடயம் இதுதான். எங்கள் மரமேடை பாவனைக்கு உதவாது என்று பரிசோதகர் எழுதிவிட்டார். நகரசபை புதிய மைதானம் ஒன்று கட்டித்தரும். ஆனால் ஊருக்கு ஒன்றுதான். இரண்டு கழகமும் ஒன்றாகவேண்டும். புதுப் பெயர், புது நிறம். மறுத்தால் மெத்தைகளுக்கு மைதானம் இல்லை. அங்கத்தவர்கள் கூடி வாக்களிக்கவேண்டும்.

"வருவியளோ?" என்று கேட்டார்.

"வாறம்" என்றோம் இருவரும்.

நான் அதுவரை என் வாழ்நாளில் வாக்குப் போட்டதில்லை. ஊரில் வயது வரும் முன்பே புறப்பட்டுவிட்டேன். இங்கே அப்போது வாக்குரிமைக்குக் காலம் கனியவில்லை. ஆகவே என் முதல் வாக்கு ஒரு சுவீடன் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில், மெத்தைச் சட்டைக்காக. கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்தில் வேறு யாரும் கோட்டுப் போடவில்லை. என்னைப் பரிசோதகர் என்று நினைத்து இரண்டு பேர் முறைத்தார்கள்.

மூன்று மணித்தியாலம் பேசினார்கள். அழுதார்கள், மேசையில் தட்டினார்கள், நடுவில் கோப்பி குடித்தார்கள். குனில்லா எழுந்து, மெத்தைத் துணியைத் தைத்த அந்தப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். வேறொன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். பிறகு தலைவர், இணைப்பை எதிர்ப்பவர்கள் அட்டையை உயர்த்தட்டும் என்றார். மண்டபம் பச்சையானது. நானும் உயர்த்தினேன், ஆனால் பாதிதான். எண்ணிக்கொண்டு வந்த பெண் எனக்கு முன்னால் நின்று, இது வாக்கா, காது சொறிகிறீர்களா என்று கேட்டாள். வாக்கு என்றேன்.

அண்ணையின் கை மடியில் இருந்தது. விளங்கவில்லையாக்கும் என்று நான் அவரை இடித்தேன். அவர் அசையவில்லை. இணைப்பை ஆதரிப்பவர்கள் என்று தலைவர் கேட்டபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று, நேராக, உச்சி வரை உயர்ந்த கை, இம்மானுவேல் அண்ணையுடையது. குனில்லா அதைப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

இணைப்புத் தோற்றது. மண்டபம் பாடியது, மேசையில் ஏறியது. நாங்கள் மூவரும் காரில் ஏறினோம்.

கப்பலில் குனில்லா சிற்றுண்டிச்சாலையின் ஒரு மூலையிலும், அண்ணை மறு மூலையிலும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் நான், கோட்டுப் போட்ட தூதுவன். கடல் கொந்தளிப்பு வேறு.

"ஏன் அப்பிடிச் செய்தவர் எண்டு கேள்" என்றார் குனில்லா.

நான் கதிரைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து அண்ணையிடம் போய்க் கேட்டேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"எங்கட ஊர்க் கழகத்துக்குப் பேர் இருக்கு. நிறம் இருக்கு. என்ர சேட்டு அலுமாரிக்குள்ள மடிச்சுக் கிடக்கு. மைதானத்தைச் சுத்தி ஆமியின்ர முள்ளுக்கம்பி, ஒருத்தரும் உள்ள போகேலாது. பேரை வச்சுக்கொண்டு எங்க போய் விளையாடுறது? நிலம் இருந்தாத்தான் கழகம். இதைப் போய்ச் சொல்லு அவவுக்கு."

அதே கதிரைகளைப் பிடித்துத் திரும்பி வந்து சொன்னேன். என் மொழிபெயர்ப்பு நொண்டித்தான் இருந்திருக்கும். ஆனாலும் குனில்லா கடைசி வரை கேட்டார். பிறகு எழுந்து, தானே அந்த மூலைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"உங்கட நிறம் என்ன?" என்று கேட்டார்.

"சிவப்பும் கறுப்பும்" என்றார் அண்ணை.

"நீ செய்தது பிழை. நான் அதை மாத்திச் சொல்லமாட்டன். ஆனா உனக்கு இப்பிடி ஒரு காரணம் இருந்தா, அங்க எழும்பிக் கதைச்சிருக்கவேணும். கதைக்காமல் கையை மட்டும் தூக்கினது இன்னும் பெரிய பிழை."

"எனக்கு உங்கட பாஷை வராதே."

"அடி எண்டு கத்த வந்தது?"

அண்ணை சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் முழு உடம்பும் குலுங்கும். குனில்லா சிரிக்கவில்லை, ஆனால் அந்த மேசையிலேயே உட்கார்ந்துகொண்டார். கரை வரும் வரை இருவரும் முற்றும் தீராத ஒரு வாதத்தில் இருந்தார்கள். நான் வழக்கம்போல ஓரத்தில் நின்று கடலுக்கு என் பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை சொன்னதுதான் நடந்தது. மேடையை மூடிவிட்டார்கள். மெத்தைகள் அடுத்த ஊர் மைதானங்களில் விருந்தாளிகளாக விளையாடி, ஒரு பிரிவு கீழே இறங்கி, பிறகு இன்னொன்றும் இறங்கினார்கள். வெள்ளிக்கிழமைகளில் தகரப் பெட்டியும் இல்லை, குனில்லாவின் முகத்தில் வெளிச்சமும் இல்லை. "நான் சொன்னனானெல்லே" என்று அண்ணை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. அதைக் கவனித்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஆண்டு, அங்கத்தவர்கள் தாங்களே மேடையைக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். பக்கத்து மரஆலை பலகை தந்தது. ஆள்பலம் வேண்டும் என்று கடிதம் வந்தது. கோடை விடுமுறை மூன்று கிழமை. நான் மனைவியோடு பாரிசில் இருக்கும் அவளுடைய தமையன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அண்ணையிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மெட்ராசுக்கு" என்றார்.

நான் கடைசிக் கிழமை மட்டும் போய்ச் சேர்ந்தேன். அண்ணை அங்கே மேல்சட்டை இல்லாமல், வாயில் நாலு ஆணியோடு, ஒரு பலகையின் மேல் குந்தியிருந்தார். அவருக்குக் கீழே, அந்த முன்வரிசைக் கிழவர் பலகையைப் பிடித்துக்கொண்டு "அடி!" என்கிறார், அண்ணை அடிக்கிறார். பிறகு அடுத்த ஆணி. குனில்லா எல்லோருக்கும் எலுமிச்சை நீர் கொண்டுவந்தவர், ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இம்மானுவேல், நீ எதிராக வாக்குப் போட்ட ஆள். உனக்கென்ன இங்க வேலை?"

அண்ணை வாயிலிருந்த ஆணிகளை எடுத்தார்.

"நான் மைதானத்துக்குத்தானே போட்டனான்."

குனில்லா எலுமிச்சை நீர்ச் சாடியைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி நின்று மூக்கைச் சீந்தினார். பிறகு இன்னொரு சுத்தியல் கேட்டு ஏணியில் ஏறினார். அன்று பின்னேரம் வரை இருவரும் ஒரே வரிசையில் அடித்தார்கள். குனில்லா அடித்ததில் பாதி ஆணி வளைந்துபோனது. அண்ணை அவற்றைச் சத்தமில்லாமல் பிடுங்கித் திரும்ப அடித்தார்.

அந்த மேடை இன்னும் நிற்கிறது. கழகமும் நிற்கிறது, மேலே ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. குனில்லா ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்டார். எண்பது தாண்டியும் தொலைபேசியில் நடுவரைத் திட்டுகிறார். இம்மானுவேல் அண்ணை விபோர்க்கில் மகன் வீட்டில், பேரப்பிள்ளைகளின் டேனிஷைத் திருத்திக்கொண்டு இருக்கிறார். திருத்தம் சரியா என்று கேட்காதீர்கள்.

எங்கள் தொழிற்சாலைதான் இல்லை. பின்னல் இயந்திரங்கள் கிழக்கே ஏதோ நாட்டுக்குப் போய்விட்டன. நாங்கள் மூவரும் இருந்த கன்ரீன் இருந்த இடத்தில் இப்போது மனிதர்கள் ஓடிக்கொண்டே ஓரிடத்தில் நிற்கிறார்கள், அதற்கு மாதச் சந்தா. கிரெனோக் கப்பலும் பழைய துறைக்குப் போவதில்லை. வேறு துறையில் போய்க் கட்டுகிறது.

கழகக் கூட்டத்துக்கும் இப்போது போகத் தேவையில்லை. கடைசி முறை வரவேற்பறைச் சோபாவில் படுத்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினேன். நன்றி, உங்கள் வாக்கு பதிவானது என்று வந்தது. அண்ணை எந்தப் பக்கம், குனில்லா எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. முடிவு ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. கப்பலின் இரண்டு மூலைகளில் கோபித்துக்கொண்டு உட்காரவும், பிறகு எழுந்து மற்ற மூலைக்கு நடக்கவும் எங்களுக்கு நாலு மணித்தியாலம் இருந்தது. இப்போது அந்த நாலு மணித்தியாலத்தை யாரும் தருவதில்லை.