குழாய்க்கு வந்த பிறந்தநாள்

2009-ல் நான் சிதம்பரத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் கடலூருக்கு வேலைக்குப் போய்வந்தேன். கட்டவிருந்த ஒரு தொழிற்சாலையின் குழாய் விவரங்களை எக்செல்லில் அடித்து, டிசைன் டேட்டாபேஸில் ஏற்றுவது என் வேலை. அம்மா போனபின் என்னிடம் வேலையைத் தவிர வேறெதையும் விசாரிக்க ஆளில்லை. அன்று என் பிறந்தநாள். மதியம்வரை ஒரு போன்கூட வரவில்லை. யார்மேல் என்றே தெரியாத ஒரு கோபம் எனக்கு.

அந்த நேரம் பார்த்து டேட்டாபேஸ் ஒரு குழாயை மட்டும் ஏற்க மறுத்தது. சென்னையிலிருந்த சாஃப்ட்வேர் உதவி மையத்துக்கு ஃபைலை அனுப்பினேன். முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் வந்தார்.

“சார், குழாய் நம்பர் 12-5ன்னு அடிச்சிருக்கீங்க. எக்செல் அத தேதின்னு நெனச்சி மே 12ன்னு மாத்திடுச்சி. அட, இன்னிக்குத் தேதி!”

“என் பொறந்தநாளும் அதாங்க” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“சொன்னாத்தான சார் தெரியும்!” என்று சிரித்தார். “எக்செல் முந்திக்கிச்சி பாருங்க. ஹேப்பி பர்த்டே சார்.”

அந்தக் கட்டத்திலிருந்த தேதியை அழித்து, அவர் சொன்ன வழியில் 12-5 என்று திருத்தக் கொஞ்சநேரம் மனசே வரவில்லை.

மாலை சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், “என்னா தம்பி, தனியா சிரிக்கிறீங்க?” என்றார்.

“இன்னிக்கு எனக்குப் பொறந்தநாளுண்ணே” என்றேன்.

வாய்தவறாமல், நானாகவே சொன்னது அதுதான் முதல்முறை.